பொங்கல் சீரில் வந்த நாலு டயர்

திருத்தணி முருகன் துணை

புத்தூர்
சித்திரை மாசம், 2002

சின்னவன் ஹேமநாத்துக்கு அம்மா தாட்சாயணி ஆசீர்வாதம் சொல்லி எழுதறது. நீயும் தரணியும் குழந்தையும் அந்தக் குளிர்ல சளி காய்ச்சல் இல்லாம இருக்கணும்னு விளக்கு ஏத்தறப்போல்லாம் கேட்டுக்கினுதான் இருக்கிறேன். நாங்க இங்கே சௌக்கியம்னு முதல்ல எழுதணும், எழுதிட்டேன், மத்ததைக் கீழே படிச்சிக்கோ. வெயில் இப்பவே மண்டையைப் பொளக்குது. போர்ல தண்ணி கொஞ்ச நேரம் வருது அப்புறம் வெறுங்காத்துதான், கரும்புக்கு விட்டா வீட்டுக்கு இல்லை, வீட்டுக்குப் பிடிச்சா கரும்புக்கு இல்லை. மாங்கா இந்த வருஷம் பூவோடவே கொட்டிப்போச்சு. நீ அனுப்பின தைலத்தை முழங்காலுக்குத் தடவிக்கினு வரேன், வாசனை நல்லாத்தான் இருக்கு, வலி அது பாட்டுக்கு இருக்கு. அண்ணன் பொண்ணு கணக்குல நல்ல மார்க்கு எடுத்திருக்குது, பள்ளிக்கூடத்துல தெலுங்கு, தெருவுல தெலுங்கு, எங்கிட்ட மட்டும் ஆயா துன்றதுக்கு என்ன இருக்குன்னு தமிழ்ல கேக்குது. நான் மூணாங்கிளாஸ் வரைக்கும் போனவ, என் எழுத்து கோணலாத்தான் இருக்கும், பொறுமையா படி. போன்ல சொல்லலாமேன்னு நீ கேப்பே. போன் இருக்கிறது கூடத்துல, இப்பல்லாம் கூடத்துலதான் உன் அண்ணனும் சுவத்தைப் பாத்துக்கினு உக்காந்திருக்கிறான். நான் எழுதப்போறது அவன் காதுல விழக்கூடாது. தரணியும் இதைப் படிக்க வேணாம். அவ மேல எனக்கு ஒரு குறையும் இல்லை, அவ அப்பா விஷயத்தைச் சொல்லி அவளை எதுக்கு நோவடிக்கணும்.

விஷயத்தை முதல்லயே சொல்லிடறேன். உன் அண்ணன் தணிகாசலம் குவைத்துக்குப் போறேன்றான். திருப்பதியில ஒரு ஏஜெண்டைப் பாத்துட்டு வந்திருக்கிறான், அங்கே ஒரு அரபி வீட்ல கார் ஓட்டற வேலையாம். பாஸ்போர்ட்டுக்குப் போட்டோ புடிச்சாச்சு, அதுல அவன் மூஞ்சி துக்க வீட்ல உக்காந்தவன் மாதிரி இருக்குது. வேனைத் தார்ப்பாய் போத்தி மாட்டுக்கொட்டாய் ஓரமா நிறுத்திட்டான், விலை பேச ஒருத்தன் வந்து சுத்திச் சுத்திப் பாத்துட்டும் போனான். உன் அண்ணி அலர்மேல்மங்கை எங்கிட்ட ஒண்ணும் சொல்றதில்லை, ஆனா அவ அரைக்கிற மாவுல உப்பு ஒரு நாளைக்கு ரெண்டு தடவை விழுது, ஒரு நாளைக்கு விழறதே இல்லை. ஏன்டா போறேன்னு கேட்டா, என்னை நம்பி இனிமே யாரும்மா ஏறுவாங்கன்றான். மலையில நடந்ததை ஊர் எப்பவோ மறந்துபோச்சு ஹேமு. அவன் மறக்காதது நீ போன்ல கேட்ட ஒரு வார்த்தையை. ஒரு புள்ளையைக் கடலுக்கு அந்தாண்ட அனுப்பிட்டு போன் மணி எப்ப அடிக்கும்னு உக்காந்திருக்கிறவ நான், இன்னொருத்தனையும் அனுப்பிட்டு உக்கார எங்கிட்ட தெம்பு இல்லை.

உனக்கு நடந்தது பாதிதான் தெரியும், மீதியை நான் சொல்றேன். பொங்கலுக்கு முன்னாடி வேன் டயரெல்லாம் தேஞ்சிபோச்சுன்னு அண்ணன் பேச்சுவாக்குல சொன்னான், நான் வாங்கித் தரேண்ணான்னு நீ சொன்னே. நல்ல மனசு, இல்லைன்னு சொல்லல. ஆனா என்ன அளவுன்னு அண்ணனை ஒரு வார்த்தை கேக்கலை. மெட்ராஸ்ல இருக்கிற உன் மாமனார் எத்திராஜுக்குப் போன் போட்டு, மாருதி வண்டிக்கு நாலு டயர் வாங்கிக் குடுத்துடுங்க மாமான்னு சொல்லிட்டே. அவர் வெச்சிருக்கிறதும் மாருதி, அந்த எண்ணூறு காரு. நம்மளது ஆம்னி வேன். எல்லாம் ஒரே மாருதிதானேன்னு அவர் தன் காருக்குப் போடற அளவிலேயே நாலு வாங்கிட்டார். வாங்கினதைச் சும்மா அனுப்பியிருந்தா வண்டியில போட்டு மாத்திக்கினு வந்திருப்போம். அவர் அதைப் பொங்கல் சீரோட சேத்துட்டார். கரும்பு, வெல்லம், புதுப்பானை, மஞ்சக்கொத்து, அப்புறம் நாலு டயர். அவரே கூட வந்து, ஒவ்வொரு டயருக்கும் மஞ்சள் தடவிக் குங்குமம் வெச்சி வாசல்ல எறக்க வெச்சார். மங்கை ஆரத்தி சுத்தினா, உள்ளே உருட்டிக்கினு வந்து சாமி படத்துக்கு முன்னாடி நிறுத்தினோம். எதிர்வீட்டு லட்சுமம்மா, பசுமாட்டைச் சீராக் குடுத்துப் பாத்திருக்கிறேன், டயரைக் குடுத்த சம்பந்தியை இப்பத்தான் பாக்கிறேன்னு தெலுங்குல சொல்லிச் சிரிச்சா. சீருன்னு ஆரத்தி எடுத்து உள்ளே வந்ததைத் திருப்பி அனுப்பற வழக்கம் நம்ம வீட்ல கிடையாது. உங்க நைனா இருந்த காலத்துல ஓட்டைப் பித்தளைக் குடம் வந்துச்சு, அதைக்கூட வெச்சிக்கினோம். குடம் ஓட்டைன்னா தண்ணிதான் ஒழுகும்.

உன் அண்ணன் பின்பக்க டயர் ஒண்ணைக் கழட்டிப் புதுசு பக்கத்துல நிறுத்தினான். எனக்கே கண்ணுக்குத் தெரிஞ்சுது, புதுசு ரெண்டு விரக்கடை குள்ளம். அப்புறம் எழுத்தைப் பாத்தான். புதுசுல 145, ஒரு கோடு, 70, அப்புறம் ஆர் போட்டு 12னு இருந்துச்சு. பழைய டயர்லயும் அந்த நூத்தி நாப்பத்தஞ்சும் பன்னெண்டும் இருக்குது, ஆனா நடுவுல எழுபது இல்லை, கடைசியில வேற ரெண்டு எழுத்து இருக்குது. கிணத்தடிக்கு என்னைக் கூட்டிக்கினு போய் மெதுவாச் சொன்னான். முதல் நம்பர் டயரோட அகலமாம், கடைசி நம்பர் உள்ளே இருக்கிற இரும்புச் சக்கரமாம், நடுவுல இருக்கிறதுதான் உசரமாம். அங்கே ஒண்ணும் போடலைன்னா முழு உசரம், எழுபதுன்னு போட்டா உசரம் கம்மி. அந்தக் கடைசி ரெண்டு எழுத்து, பாரம் ஏத்தற வண்டிக்குன்னு தடியா பண்ணின டயருக்குத்தான் போடுவாங்களாம். எனக்கு ஒரே நிமிஷத்துல புரிஞ்சிபோச்சு. ரெண்டு பொம்பளைக்கு இடுப்பு ஒரே அளவுன்னு ஒரே பாவாடையைத் தைச்சிக் குடுத்தா ஒருத்திக்குக் கணுக்கால் வரைக்கும் வரும், இன்னொருத்திக்கு முழங்காலோட நிக்கும். நாலு பேர் போற காருக்குப் பண்ணினதை ஒரு குடும்பத்தையே மூட்டையோட ஏத்திக்கினு மலைக்குப் போற வேனுக்குப் போட்டா எப்படித் தாங்கும். இதை அவன் உன் மாமனார்கிட்ட தன்மையாத்தான் சொன்னான், நடுவுல எழுபதுன்னு இருக்குது மாமா, நம்ம வேனுக்கு அது இல்லைன்னு. அவர் காபித் தம்ளரைக் கீழே வைக்கலை. நீங்க ஓட்டறதைப் பாருங்க தம்பி, வாங்கறதை நாங்க பாத்துக்கறோம்னார். அடுத்த நாள் காலையில அவரே பக்கத்துல நின்னு, பின்னாடி ரெண்டையும் மாட்டச் சொல்லி, எலுமிச்சம்பழம் வெச்சி நசுக்கி, திருத்தணி வரைக்கும் வேன்ல போய் கும்பிட்டுட்டு வந்தார். வண்டி தேர் மாதிரி போவுதுன்னு உனக்கு அன்னைக்கே போன்ல சொன்னாராமே. முன்னாடி ரெண்டு பழைய டயரும் இன்னும் கொஞ்ச நாள் ஓடும்னு அண்ணன் விட்டுட்டான், அதனால புதுசுல ரெண்டு மஞ்சக் குங்குமத்தோட அப்படியே உள்ளே இருக்குது.

உன் மாமனார் குணம் எனக்கு அன்னைக்குத்தான் தெரிஞ்சுதுன்னு இல்லை, உன் கல்யாணத்துலயே தெரியும். முகூர்த்த நாள் காலையில பட்டு வேட்டி கட்டிக்கினு நின்ன உன் அண்ணனை யாருக்கோ காட்டி, இவர்தான் வேன் வெச்சிருக்கிறவர்னார். மாப்பிள்ளையோட அண்ணன்னு வாயில வரலை. அப்படியே சென்ட்ரல் ஸ்டேஷனுக்குப் போய் எங்க ஜனத்தை ஏத்திக்கினு வாங்க தம்பின்னு அனுப்பியும் வெச்சார். அவன் திரும்பி வரப்போ கடைசிப் பந்தி நடந்துக்கினு இருந்துச்சு. வாழைக்காப் பொரியல் தீந்துபோச்சு, வடை தீந்துபோச்சு, ரசமும் மோரும் துன்னுட்டு எழுந்தான். பழசை எதுக்கும்மா தோண்டறேன்னு நீ சொல்லுவே. நான் தோண்டலைடா, அது புதைஞ்சாத்தானே தோண்டறதுக்கு.

அந்த டயரைப் போட்டதுலேர்ந்து வேன் பின்பக்கம் குந்திக்கினு நின்னுச்சு. வேகத்தடையில அடி தட்டுச்சு. கிலோமீட்டர் காட்டற மீட்டரும் பொய் சொல்ல ஆரம்பிச்சுது, சக்கரம் சின்னதானா அதே தூரத்துக்கு அதிகமா சுத்துமாமே, புத்தூர்லேர்ந்து திருப்பதிக்கு எப்பவும் காட்டறதை விடக் கூட காட்டுச்சு. சவாரிக்காரங்க சண்டைக்கு வந்தாங்க, இவன் பழைய கணக்கையே வாங்கிக்கினு வந்தான். கழட்டித் தொலைடா, உன் காசுலயே சரியானது ரெண்டு போட்டுக்கோன்னு நான் சொன்னேன். அதுக்கு அவன், மாசியில மாமா திருப்பதிக்கு வராராம், நம்ம டயர்லயே மலை ஏறலாம்னு சொல்லிட்டுப் போயிருக்கிறார், வந்து பாத்து அது இல்லைன்னா தம்பிக்குத்தானே தலைகுனிவு, அவர் வந்து போற வரைக்கும் இருக்கட்டும்மான்னான். காத்தைக் கொஞ்சம் அதிகமா அடிச்சிக்கினு, ஆளைக் கொஞ்சம் குறைச்சிக்கினு ஓட்டினான். இதையும் அவன் செய்யாம இருந்திருக்கணும், அவன் மேலயும் தப்பு இருக்குது, நான் மறைக்கலை. ஆனா எதுக்கு செஞ்சான்னு பாரு.

மாசியில உன் மாமனார் வரலை, இடுப்புப் பிடிப்பாம். குப்பம் ஊர்லேர்ந்து வந்த ஒரு குடும்பத்தை ஏத்திக்கினு அண்ணன் மலைக்குப் போனான். ஏறிப் போய் தரிசனம் பண்ணிட்டு எறங்கறப்போ, அடிவாரத்து அலிபிரி வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடி, ஒரு வளைவுல பின்பக்க இடது டயர் பக்கவாட்டுல வீங்கி வெடிச்சிபோச்சு. ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம். அவன் பாறைப் பக்கமா ஒடிச்சி உரசி நிறுத்தினான். வேன் பக்கமெல்லாம் சிராய்ச்சிப்போச்சு, உள்ளே இருந்த பெரியம்மாவுக்கு மணிக்கட்டு ஒடிஞ்சிது, மத்தவங்களுக்கு ஒண்ணுமில்லை. வேற வண்டி வெச்சி அந்தம்மாவை நம்ம புத்தூருக்கே கூட்டிக்கினு வந்து கட்டுப் போட வெச்சான். அவங்க இங்கே தங்கியிருந்த வரைக்கும் மங்கை சோறு கட்டிக் குடுத்தா, இவன் எடுத்துக்கினு போனான். போறப்போ அந்தம்மா இவன் தலையில கையை வெச்சி, நீ நல்லா இருக்கணும் நைனான்னுட்டுத்தான் போச்சு. ஏத்திக்கினு போன ஜனமே அவனை ஒண்ணும் சொல்லலை.

உன் மாமனார் உங்கிட்ட இதை எப்படிச் சொன்னாரோ எனக்குத் தெரியாது, தெரியாததை நான் எழுத மாட்டேன். நீ கேட்டது எனக்குத் தெரியும். நான் கூடத்துல புளி கொட்டை எடுத்துக்கினு இருந்தேன், மங்கை பக்கத்துல நின்னா, உன் குரல் போனைத் தாண்டி வருது. அண்ணா, குடிச்சிட்டு ஓட்டினியான்னு கேட்டே. அவன் வாயில இது வரைக்கும் கள்ளு பட்டதில்லைன்னு உனக்குத் தெரியும். உன்னை ஏர்போர்ட்டுக்குக் கூட்டிக்கினு போனவனும் அவன்தான், ஊத்துக்கோட்டை தாண்டி டயர் பஞ்சர் ஆனப்போ நீ எறங்கிக் கை குடுக்க வந்தே, சட்டை அழுக்காயிடும் நீ தள்ளி நில்லுடான்னு உன்னைத் தொட விடலை, அவன் ஒண்டியாவே மாத்திட்டு அந்த அழுக்குக் கையோட உன்னைக் கட்டிக்க வேணாம்னு தூரத்துலேர்ந்தே தலையை ஆட்டி அனுப்பினான். அவனைத்தான் நீ கேட்டே. இல்லைடா, உடம்பைப் பாத்துக்கோ, வெச்சிடறேன்னான், அவ்வளவுதான். டயர்னால ஆச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னா உன் மாமனாரைச் சொன்னதா ஆகும், தரணி மனசு நோவும், உங்களுக்குள்ள பேச்சு வளரும்னு வாயை மூடிக்கினான். அன்னைலேர்ந்து வேன் சாவி சாமி அலமாரியில இருக்குது. நான் அவனுக்குப் பரிஞ்சி பேசறேன்னு நினைக்காதே. நீ கேட்டதுக்கு உன் மேலயும் எனக்குக் கோவம்தான், அது எங்கே போவப்போவுது, அது என்னோடவே வரும். ஆனா எனக்கு வயசாச்சு. எல்லாரையும் கோவிச்சிக்கினே தூக்கிக்கினு நடக்க முடியலை.

ஆனியில லீவுல நீ வரப்போறே, குழந்தைக்குத் திருமலையில முடி எறக்கணும். எல்லாரும் நம்ம வேன்லயே போகணும், அண்ணன்தான் ஓட்டணும், குழந்தையோட மாமன்மாரு வேற வண்டி பேசறேன்னா வேணாம்னு நீயே சொல்லிடு. உள்ளே இருக்கிற அந்த ரெண்டு டயரைப் பத்தி நான் யோசிச்சிட்டேன். வந்த பாத்திரம் வெறுமனே திரும்பக் கூடாது, நிறைச்சித்தான் அனுப்பணும். முடி எறக்கிட்டு வந்த அன்னைக்கு, புது வேட்டி, வெத்தலை பாக்கு, நம்ம தோட்டத்துல தப்பிச்ச மாங்கா எல்லாம் வெச்சி, அதோட அந்த ரெண்டு டயரையும் உன் மாமனாருக்கு நான் எதிர் சீராக் குடுக்கப்போறேன். அவர் காருக்கு அது கச்சிதமா பொருந்தும், ஒரு சவாரி கூட ஓடாத டயர். குத்திக் காட்டறதுக்குத்தானேம்மான்னு நீ கேப்பே. ஆமா. ஆனா மஞ்சள் குங்குமம் வெச்சித்தான் குத்துவேன், அவரும் சிரிச்சிக்கினு வாங்கிக்குவார், தெருவும் இன்னொரு தடவை சிரிக்கட்டும், அதோட அது முடிஞ்சிபோவும். தரணிகிட்ட முன்னாடியே சொல்லாதே.

இப்ப வேனுக்கு நாலும் புதுசு வேணும். என்ன நம்பர் போடணும்னு எனக்கு முழுசாத் தெரியும், மங்கையும் நானும் புத்தூர் டயர் கடைக்கே போய்க் கேட்டுக்கினு வந்துட்டோம், அந்தக் கடைசி ரெண்டு எழுத்து உள்பட எனக்கு மனப்பாடம். இந்தக் காகிதத்துல எழுதறதுக்கு இடமும் இருக்குது. எழுத மாட்டேன். கம்ப்யூட்டர்ல தட்டினா வந்துடும்னு உனக்குத் தோணும், தட்டாதே. சித்திரை கடைசி ஞாயித்துக்கிழமைக்குள்ள இந்தக் காகிதம் உங்கிட்ட வந்துடும், அன்னைக்குப் போன் போடறப்போ எங்கிட்ட முழங்கால் எப்படி இருக்குன்னு கேட்டுக்கினு நேரத்தை ஓட்டாம, அண்ணன்கிட்ட குடுன்னு சொல்லு. நடந்ததைப் பேசாதே, மன்னிப்புன்னெல்லாம் ஆரம்பிக்காதே, அவன் வெச்சிட்டு எழுந்து போயிடுவான். அண்ணா, வேனுக்கு என்ன அளவு டயர் வாங்கணும்னு அது ஒண்ணை மட்டும் கேளு. அவன் சொல்றதை எழுதிக்கோ, திருப்பிப் படிச்சிக் காட்டு, நடுவுல ஒண்ணும் இல்லையாண்ணான்னு இன்னொரு தடவை கேளு. அப்புறம் அவன் பேசுவான்.

குழந்தைக்கு நெத்தியில பொட்டு வைக்காம வெளியே தூக்கிக்கினு போகாதீங்க. தரணியை நேரத்துக்கு சாப்பிடச் சொல்லு. நீ கார் ஓட்டறப்போ போன் பேசாதே. ஏழுமலையானும் திருத்தணி முருகனும் உங்க மூணு பேரையும் பத்திரமா என் வாசலுக்குக் கொண்டாந்து சேக்கட்டும். ஞாயித்துக்கிழமையை மறந்துடாதே, ஏஜெண்டுகிட்ட பாஸ்போர்ட் பேப்பரைக் குடுக்க அவன் மறுநாள் திங்கக்கிழமை போறான்.

இப்படிக்கு,
ரெண்டு புள்ளையையும் பெத்தவ,
தாட்சாயணி